போகோ எஃப்1: அன்லாக் பண்ணி ரோம் மாற்றலாமா, அப்படியே விட்டுவிடலாமா?

மஞ்சள்காடு (ஈரோடு), ஞாயிறு இரவு 9:12

எல்லோருக்கும் வணக்கம். 2018 கடைசியில் நான் வாங்கிய ஷாவ்மியின் போகோ எஃப்1 போன் இப்போது அப்பா கையில் இருக்கிறது. ஸ்நாப்டிராகன் 845 சிப், 6 ஜிபி ரேம், கண்ணாடியில் ஒரு கீறல்கூட இல்லை. ஆண்ட்ராய்டு 8.1-உடன் வந்தது, 10-இல் நின்றுவிட்டது. காலையில் மஞ்சள் விலை பார்க்க வாட்ஸ்அப்பைத் திறந்தால் அரை நிமிடம் ஆகிறது. மதியத்துக்குள் சார்ஜ் தீர்ந்துவிடுகிறது.

பூட்லோடரை அன்லாக் பண்ணி, கம்பெனி சாஃப்ட்வேருக்குப் பதில் லீனியேஜ் என்ற வேறு ரோமை (போனின் முழு இயங்குதளத்தை) போட்டால் புதுப் போன் மாதிரி ஆகிவிடும் என்று தம்பி ஒற்றைக்காலில் நிற்கிறான். இரண்டு நாளாகத் தேடித் தேடிப் படிக்கிறேன். ஒருவர் ஆஹா என்கிறார், அடுத்தவர் போனே போச்சு என்கிறார். அப்பாவின் யுபிஐ இதில்தான் இருக்கிறது. உரக்கடை, டீசல், ஆள் கூலி எல்லாம் இதிலிருந்துதான் போகிறது. செய்து பார்த்தவர்கள், செய்துவிட்டு வருந்தியவர்கள், இரண்டு தரப்பும் சொல்லுங்கள்.

சால்டரிங்_அண்ணா (ரிச்சி தெரு, சென்னை), ஞாயிறு இரவு 9:50

தங்கச்சி, முதல்ல ஒண்ணு தெளிவாயிடட்டும். கடைக்கு வர்றவங்க "அன்லாக் பண்ணணும்"னு ஒரே வார்த்தைதான் சொல்லுவாங்க. அதுக்குள்ள நாலு வேலை இருக்கு. மறந்துபோன பேட்டர்னை எடுக்கிறது ஒண்ணு. வெளிநாட்டுல இருந்து வந்த செட்டுல நம்ம ஊரு சிம்மை எடுக்க வைக்கிறது இன்னொண்ணு, அது நெட்வொர்க் லாக். நீங்க கேக்கிறது மூணாவது, பூட்லோடர். பவர் பட்டனை அழுத்தினதும் முதல்ல எழுந்திரிக்கிறது அதுதான். உள்ள இருக்கிறது கம்பெனி கையெழுத்துப் போட்ட சாஃப்ட்வேர்தானான்னு சரிபாத்துட்டுத்தான் மேல விடும். அந்தக் காவலை விலக்குறதுதான் பூட்லோடர் அன்லாக். நாலாவது ரூட், அதாவது சிஸ்டத்துக்குள்ளேயே முழு அதிகாரம் வாங்கிக்கிறது. பூட்லோடரைத் திறந்தா ரூட்டும் பண்ணியே ஆகணும்னு கிடையாது. இந்த நாலையும் கலந்து பேசுறதாலதான் பாதி குழப்பம்.

உங்களுக்கு என் கேள்வி ஒண்ணுதான். பேட்டரி எப்ப மாத்துனீங்க? இத்தனை வருஷம் ஓடின பேட்டரிய வெச்சுக்கிட்டு எந்த ரோம் போட்டாலும் மதியத்தைத் தாண்டாது.

மஞ்சள்காடு, ஞாயிறு இரவு 9:58

மாற்றவே இல்லை அண்ணா. வாங்கும்போது வந்த 4000 எம்ஏஎச் பேட்டரிதான் இன்றுவரை.

கெர்னல்_தம்பி (கோவை), ஞாயிறு இரவு 10:35

அக்கா, நான் மூணாம் வருஷம் இன்ஜினியரிங். என் முதல் ரோமை இதே போகோ எஃப்1-லதான் பில்ட் பண்ணேன், அதனால மனசுல இருக்கிறதைச் சொல்றேன். செய்யுங்க.

இந்த செட்டுக்கு கம்பெனி கெர்னல் சோர்ஸை, அதாவது சிஸ்டத்தோட அடிப்படைக் கோடை, சீக்கிரமே வெளியிட்டுட்டாங்க. அதனாலதான் உலகம் முழுக்க ஆட்கள் இதுக்கு வேலை செஞ்சாங்க. கம்பெனி கணக்குல ஆண்ட்ராய்டு 10-ஓட முடிஞ்ச போன், தன்னார்வலர்கள் கையில 13-ஐயும் தாண்டிப் போயிருக்கு. யாருக்கும் சம்பளம் கிடையாது. 2009-ல ஸ்டீவ் கான்டிக் ஆரம்பிச்ச சயனோஜென்மாட்ங்கிற ரோம், 2016 டிசம்பர்ல சயனோஜென் கம்பெனி கையை விரிச்சப்போ நின்னு போச்சு. சில நாள்லயே அதே கோடை எடுத்துக்கிட்டு லீனியேஜ்னு புதுப் பேர்ல கிளம்பிட்டாங்க. கேமரால ஒரு பிழை, ப்ளூடூத்ல ஒரு தடங்கல்னா, ராத்திரி முழுக்க போனோட பிழைப் பதிவைப் படிச்சு யாரோ சரி பண்ணுவாங்க. அந்த உழைப்பு மேல எனக்குப் பெரிய மரியாதை இருக்கு.

வழி இதுதான். செட்டிங்ஸ்ல மியுஐ (ஷாவ்மியோட ஆண்ட்ராய்டு) வெர்ஷனை ஏழு தடவை தட்டுங்க, டெவலப்பர் ஆப்ஷன்ஸ் திறக்கும். உள்ள போயி மி அக்கவுண்டோட போனை இணைக்கணும். அப்போ வைஃபை இல்லாம சிம் டேட்டால இருக்கணும். அப்புறம் விண்டோஸ் கம்ப்யூட்டர்ல மி அன்லாக் டூல். முதல் தடவை பெரும்பாலும் 168 மணி நேரம் கழிச்சு வான்னு சொல்லும். ஏழு நாள் பொறுத்திருந்து மறுபடி செருகினா திறந்துடும். திறக்கிற நொடியில போன்ல இருக்கிறது அத்தனையும் அழியும், அதை மட்டும் மறந்துடாதீங்க. ரோம் மாத்தினதுக்கு அப்புறம் இருட்டுல முகம் பாத்துத் திறக்கிற அந்த இன்ஃப்ராரெட் வசதி பல ரோம்ல வேலை செய்யாது. மத்தபடி போன் பறக்கும்.

தேரிக்காடு (தூத்துக்குடி), ஞாயிறு இரவு 11:20

தம்பி "மறந்துடாதீங்க"ன்னு ஒரு வரில சொல்லிட்டுப் போயிட்டாப்ல. அந்த ஒரு வரி எனக்கு என்ன செஞ்சுதுன்னு சொல்லணும்.

வேற ஒரு செட்டு, சில வருஷத்துக்கு முன்ன. போட்டோவை எல்லாம் லேப்டாப்புக்கு மாத்தியாச்சு, இனி பயமில்லன்னு அன்லாக் பட்டனை அழுத்திட்டேன். திரை அணைஞ்சு, திரும்ப எரிஞ்சு, புது போன் மாதிரி மொழி கேட்டுச்சு. அப்பத்தான் உறைச்சது. வாட்ஸ்அப்ல எங்க ஆச்சி அனுப்பின வாய்ஸ் மெசேஜ் எல்லாம் அதுலதான் இருந்துச்சு. ஆச்சிக்கு எழுதத் தெரியாது. "ஏல, சாப்ட்டியா"ன்னு தினமும் பேசி அனுப்புவா. பேக்கப் எடுத்தேன், ஆனா கேமரா ஃபோல்டரை மட்டும் எடுத்திருக்கேன். ஆச்சி இப்ப இல்ல.

அதோட விட்டேனா, இல்ல. என் மாடல் பேரு மாதிரியே இருந்த இன்னொரு மாடலோட ஃபைலை இறக்கி ஃப்ளாஷ் பண்ணேன், அதாவது போன்ல ஏத்தினேன். பவர் பட்டனை ஒரு நிமிஷம் அழுத்திப் பிடிச்சாலும் அசைவில்ல. சார்ஜர் போட்டா லைட் இல்ல. லேப்டாப்ல செருகினா டிவைஸ் மேனேஜர்ல மட்டும் "குவால்காம் 9008"னு ஒரு வரி வந்துச்சு. செங்கல் ஆயிடுச்சுன்னு சொல்லுவாங்கல்ல, அதுதான். தப்பு முழுக்க என்னோடது. அவசரத்துல மாடல் நம்பரோட கடைசி எழுத்தைப் பாக்கல.

அக்கா, அப்பா போன்ல யாரோட குரல் இருக்குன்னு முதல்ல பாருங்க.

சால்டரிங்_அண்ணா, திங்கள் காலை 7:40

தேரிக்காடு தம்பி, படிச்சுட்டு ராத்திரி சரியாத் தூக்கம் வரல. கடைல இது வாரத்துக்கு ஒரு தடவையாவது நடக்கும்.

அந்த 9008-ங்கிறது சிப்புக்குள்ளேயே எழுதி வெச்ச கடைசி வாசல். மத்த எல்லாம் செத்தாலும் அது மட்டும் உசுரோட இருக்கும். சில செட்டுல பின்மூடியைக் கழட்டி, போர்டுல இருக்கிற ரெண்டு சின்னப் புள்ளியை ட்வீசரால தொட்டுக்கிட்டே கேபிளைச் செருகணும். டெஸ்ட் பாயின்ட்னு சொல்லுவோம். கை லேசா நடுங்கினாலும் பக்கத்துப் பாகத்துல பட்டுடும். முன்னெல்லாம் அப்படி உள்ள போயி ஃபைலைத் தள்ளினா போன் எழுந்திரிச்சுடும். இப்ப நிறைய கம்பெனி அதுக்கும் அவங்க அங்கீகரிச்ச அக்கவுண்ட் கேக்குது. 2018-ல ரெட்மி நோட் 5 ப்ரோல பழைய வெர்ஷனுக்குத் திரும்ப விடாத பூட்டு ஒண்ணு வந்துச்சு. அது தெரியாம பின்னாடி போனவங்க செட்டு வரிசையாப் படுத்துச்சு. அதனால "எப்ப வேணா பழைய சாஃப்ட்வேருக்குத் திரும்பிக்கலாம்"னு யாராவது சொன்னா, உங்க மாடலுக்கு அது உண்மையான்னு பாத்துட்டு நம்புங்க.

இன்னொண்ணையும் சொல்லிடுறேன். தப்பான ஃபைலால ஐஎம்இஐ, அதாவது போனோட அடையாள எண், அழிஞ்சு, நெட்வொர்க் வராத செட்டு வரும். வேற நம்பர் எழுதித் தர்றேன்னு சில பேரு சொல்லுவாங்க. அந்தப் பக்கமே போகாதீங்க. 2023 தொலைத்தொடர்புச் சட்டத்துல இந்த மாதிரி அடையாள எண்ணைத் திருத்தினா மூணு வருஷம் வரைக்கும் சிறை, 50 லட்சம் வரைக்கும் அபராதம். ரோம் மாத்துறது குத்தமில்ல. ஐஎம்இஐ மேல கை வைக்கிறது குத்தம்.

கல்லாப்பெட்டி (திருச்சி), திங்கள் காலை 10:05

நான் ஒரு வங்கியின் தகவல் தொழில்நுட்பப் பிரிவில் இருப்பவன். வங்கிச் செயலிகள் வீண் பிடிவாதம் பிடிப்பதாகப் பலர் திட்டுகிறீர்கள். உள்ளே நடப்பதைச் சொல்கிறேன்.

செயலி திறந்ததும் கூகுளின் பிளே இன்டெக்ரிட்டி என்ற சோதனைச் சேவையிடம் "இந்தப் போன் நம்பத்தக்கதா" என்று கேட்கும். முன்பு இதே வேலையை சேஃப்டிநெட் செய்தது. அதை ஏமாற்றுவது எளிதாக இருந்தது, ஏனென்றால் பதிலைச் சொன்னது மென்பொருள். இப்போது போனின் சிப்புக்குள் ஆலையிலேயே வைத்த சாவி ஒன்று கையெழுத்திட்டுப் பதில் தருகிறது. பூட்லோடர் திறந்திருந்தால் அதை மறைக்காமல் சொல்லிவிடும். மேஜிஸ்க் போன்ற ரூட் கருவிகளில் இதற்கும் ஒட்டு போடுகிறார்கள், மறுக்கவில்லை. எங்கிருந்தோ கசிந்த வேறொரு போனின் சாவியைக் கொண்டு கையெழுத்திடுகிறார்கள். கூகுள் அந்தச் சாவியை ரத்து செய்தால் அன்றே நின்றுவிடும். இன்று வேலை செய்யும் யுபிஐ, உரக்கடை வாசலில் நிற்கும்போது திடீரென்று மறுக்கும். எல்லாச் செயலியும் ஒரே அளவுக்குக் கறாராக இருப்பதில்லை. ஆனால் எது எப்போது இறுக்கும் என்பது உங்கள் கையில் இல்லை.

நாங்கள் ஏன் இவ்வளவு பயப்படுகிறோம்? ரூட் ஆன போனில் ஒரு கெட்ட செயலி அந்த அதிகாரத்தைப் பெற்றுவிட்டால் மற்றச் செயலிகளின் ரகசியக் கோப்பு வரை போய்விடும். பணத்தை இழந்துவிட்டு எதிரில் உட்கார்ந்து அழுத பெரியவர்களைப் பார்த்திருக்கிறேன். ஆகவே அப்பாவின் பணம் இருக்கும் போனைத் தொடாதீர்கள்.

வன்னிக்குருவி (யாழ்ப்பாணம்), திங்கள் மதியம் 1:15

சால்டரிங் அண்ணை சொன்ன இரண்டாவது வகை, அந்த நெட்வொர்க் அன்லாக்தான் எங்கட ஊரில கன காலமாய்ப் பிரச்சினை. கனடாவில இருந்தும் லண்டனில இருந்தும் சொந்தக்காரர் ஆசையாய் ஒரு போன் கொண்டுவந்து தருவினம். சிம்மைப் போட்டால் "செல்லுபடியாகாத சிம்" எண்டு வரும். பிறகு கடை கடையாய்க் கோட் தேடி அலையிறது. கனடாவில 2017 டிசம்பர் 1-க்குப் பிறகு பூட்டின போன் விக்கக் கூடாது, அன்லாக் பண்ணக் காசும் வாங்கக் கூடாது எண்டு வந்திட்டுது. பிரித்தானியாவில 2021 டிசம்பரில இருந்து பூட்டி விக்கிறது தடை. அமெரிக்காவில 2014-இல வாடிக்கையாளர் தன்ர போனை அன்லாக் பண்ணலாம் எண்டு சட்டமே போட்டவை, ஆனால் அங்க இண்டைக்கும் பூட்டின போன் கிடைக்குது. அதால வாங்கேக்கையே அன்லாக் போனோ எண்டு கேட்டு வாங்கச் சொல்லுங்கோ. இதில பழுதாகிறதுக்கு ஒண்டுமில்லை, தரவும் அழியாது. அக்காவின்ர விசயம் வேற. அதுக்கு மற்றவை சொல்லட்டும்.

எழுத்தாணி (மதுரை), திங்கள் இரவு 8:30

காலையிலிருந்து படித்துக்கொண்டிருக்கிறேன். நாங்கள் ஏன் இதைத் தொடங்கினோம் என்பதை யாராவது சொல்ல வேண்டும் என்று தோன்றியது.

2011. கையில் ஆண்ட்ராய்டு 2.3 போன். தமிழ்ப் பக்கம் எதைத் திறந்தாலும் கட்டம் கட்டமாகத்தான் தெரியும். ஓபரா மினியில் ஒரு வழி இருந்தது. முகவரிப் பெட்டியில் "ஓபரா:கான்ஃபிக்" என்று அடித்து, கீழே போய், சிக்கலான எழுத்துகளுக்குப் படவடிவ எழுத்துரு என்ற வரியில் ஆம் கொடுத்துச் சேமித்தால், சர்வரே தமிழைப் படமாக்கி அனுப்பும். பெரிதாக்கினால் எழுத்து புள்ளி புள்ளியாக உடையும். காப்பி பண்ண முடியாது. அந்தப் பழைய போனில் எத்தனை வலைப்பூக்களை அப்படிப் படித்திருப்பேன்!

ஆனால் குறுஞ்செய்தி? மின்னஞ்சல்? அங்கே கட்டம்தான். அதனால் ரூட் பண்ணினேன். சிஸ்டம் ஃபோல்டருக்குள் போய், எழுத்துரு இருக்கும் இடத்தில் ஒரு தமிழ் எழுத்துருவை வைத்து, அனுமதிகளைச் சரிபார்த்து, ரீபூட் கொடுத்தேன். இரவு ஒரு மணி. அக்கா அனுப்பிய செய்தி மாதக்கணக்கில் இன்பாக்ஸில் கட்டங்களாகக் கிடந்தது. அது எழுத்தாக வந்தது. கொம்பு இடம் மாறி நின்றது. "கெ" என்றால் க முதலில், கொம்பு பின்னால். அப்படித்தான் தெரிந்தது. இருந்தாலும் படித்துவிட்டேன். ஆண்ட்ராய்டு 4 வரிசை வந்த பிறகுதான் கொம்பு தன் இடத்துக்குப் போனது. என் போனுக்கு அது கம்பெனியிடமிருந்து வரவில்லை. முகம் தெரியாத யாரோ செய்து கொடுத்த ரோம் வழியாக வந்தது.

எனக்கு அன்று ஒரு காரணம் இருந்தது. என் போனில் என் மொழி தெரியவில்லை. இன்று எந்த மலிவான போனை எடுத்தாலும் தமிழ் தெரிகிறது, தமிழில் தட்டச்சும் வருகிறது. ஆகவே தங்கையிடம் கேட்கிறேன். உங்கள் காரணம் என்ன? வேகமும் பேட்டரியும் என்றால் அதற்குப் பூட்லோடர் வரை போக வேண்டியதில்லை. பயன்படாத கம்பெனிச் செயலிகளை ஏடிபி (கம்ப்யூட்டரிலிருந்து போனுக்குக் கட்டளை அனுப்பும் கருவி) வழியாகவே நீக்கலாம். யுஎஸ்பி டீபக்கிங்கை ஆன் பண்ணி, கேபிள் செருகி, அந்தப் பயனருக்கு மட்டும் நீக்கு என்று கட்டளை. பூட்லோடர் பூட்டியபடியே இருக்கும், வங்கிச் செயலிக்கும் பிரச்சினை இல்லை. தவறாக எதையாவது நீக்கிவிட்டால் பெரும்பாலும் திரும்ப வரவழைக்கலாம், கடைசிக்கு ஃபேக்டரி ரீசெட் இருக்கிறது.

ஆனாலும் ஒரு வருத்தத்தைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. அந்த வாசல் அடைந்துகொண்டே வருகிறது. ஹுவாவே 2018-இலேயே அன்லாக் கோட் தருவதை நிறுத்தியது. சாம்சங் போனில் அன்லாக் செய்தால் உள்ளே ஒரு ஃப்யூஸ் எரிந்து நாக்ஸ் என்ற பாதுகாப்பு வசதி நிரந்தரமாகப் போகும். அது தெரிந்தே செய்தவர்கள் இருந்தார்கள். 2025-இல் அவர்களுடைய ஒன் யுஐ 8 மென்பொருள் வந்தபோது அன்லாக் என்ற வரியையே எடுத்துவிட்டார்கள். காசு கொடுத்து வாங்கிய பொருளைத் திறந்து பார்க்கும் உரிமை எனக்கு வேண்டும். நான் திறக்காமலே இருக்கலாம். ஆனால் சாவி என்னிடம் இருக்க வேண்டும்.

கல்லாப்பெட்டி, திங்கள் இரவு 9:02

எழுத்தாணி ஐயா சொன்ன உரிமையை நானும் மதிக்கிறேன். ஆனால் ஏடிபி யோசனையில் ஒரு ஓட்டை இருக்கிறது. வேகம் வரும், சரி. பாதுகாப்பு அப்டேட் பல வருடங்களாக நின்றுபோன போன் அது. பூட்லோடர் பூட்டியிருப்பதால் என் செயலி அதை ஏற்றுக்கொள்ளும், ஆனால் ஏற்றுக்கொள்வதால் அது பத்திரம் ஆகிவிடாது. அப்பாவின் யுபிஐ அதில் இருப்பதே எனக்கு உறுத்துகிறது.

கெர்னல்_தம்பி, திங்கள் இரவு 9:31

சார், அதைத்தான் நானும் சொல்ல வந்தேன். பூட்டின பழைய போனைவிட மாசாமாசம் பேட்ச், அதாவது பாதுகாப்புத் திருத்தம், வர்ற லீனியேஜ் நல்லதில்லையா? கூகுள் போடுற ஆண்ட்ராய்டு பேட்ச் எங்களுக்கும் வருது.

ஆனா ஒரு உண்மையை மறைக்கக் கூடாது. மோடம், சிப்போட உள் ஃபர்ம்வேர், கிராபிக்ஸ் டிரைவர் எல்லாம் குவால்காம் கொடுத்த மூடின ஃபைல். கம்பெனி நிறுத்தினதோட அதுவும் நின்னுடுச்சு. அதை எங்களால சரி பண்ண முடியாது. மேல் மாடிக்கு வெள்ளை அடிக்கலாம், அஸ்திவாரத்தைத் தொட முடியாது. அதோட பூட்லோடர் திறந்த போன் யார் கைக்காவது போனா, அவங்க சிஸ்டத்தை மாத்திட்டுத் திருப்பி வெச்சாலும் போன் கண்டுபிடிக்காது. நேத்து நான் "செய்யுங்க"ன்னு சொன்னது அப்பாவோட போன்ங்கிறதை யோசிக்காம சொன்னது. திருத்திக்கிறேன் அக்கா. பணம் இல்லாத போனா இருந்தா, இப்பவும் செய்யுங்கன்னுதான் சொல்லுவேன்.

தேரிக்காடு, திங்கள் இரவு 10:10

தம்பி, இதைச் சொன்னதுக்கு நன்றி.

மஞ்சள்காடு, மூன்று வாரம் கழித்து, சனி மாலை 5:20

அனைவருக்கும் நன்றி. நடந்ததை எழுதுகிறேன்.

தீபாவளிக்கு எனக்குப் புதுப் போன் வாங்குவதாக இருந்தது. அதைக் கொஞ்சம் முன்னால் தள்ளி, இன்னும் அப்டேட் வந்துகொண்டிருக்கும் என் இரண்டு வருடப் போனை அப்பாவுக்குக் கொடுத்துவிட்டேன். சிம்மை மாற்றி, அவர் பக்கத்திலேயே உட்கார்ந்து யுபிஐ-யைப் பதிவு செய்தோம். வெரிஃபிகேஷன் எஸ்எம்எஸ் அந்த சிம்மிலிருந்தே போக வேண்டும் என்பதால் இதைக் கடைசியாக வைத்துக்கொள்ளாமல் முதலிலேயே முடித்தேன். பழையதை ஒரு வாரம் அப்படியே வைத்திருந்தோம். தேரிக்காடு அண்ணன் சொன்னது மனதில் இருந்ததால் வாட்ஸ்அப் முழுவதையும் பேக்கப் எடுத்து, அப்பாவின் புதுப் போனில் திறந்து பார்த்துவிட்டுத்தான் அடுத்த வேலை. பெரியப்பா குரல் மூன்று இருந்தது. அப்பாவுக்கே அது ஞாபகம் இல்லை. கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் வெளியே போய் நின்றார்.

போகோவுக்கு முதலில் பேட்டரி மாற்றினேன். கடைக்காரர் பழையதைக் கழற்றிக் காட்டினார், நடுவில் லேசாக உப்பியிருந்தது. பிறகு 168 மணி நேரம் காத்திருந்து அன்லாக் பண்ணி, லீனியேஜ் போட்டாயிற்று. ரூட் செய்யவில்லை. தம்பி மகள் பாடம் பார்க்கவும் படம் எடுக்கவும் வைத்திருக்கிறாள். சிம் இல்லை, வங்கிச் செயலி இல்லை. காலையில் சார்ஜ் போட்டால் இரவு வரை நிற்கிறது.

இப்போது ஒரு சந்தேகம். ஆன் ஆகும்போது லோகோவுடன் "அன்லாக்டு" என்று வருகிறது. எல்லாம் முடிந்ததே, பூட்லோடரைத் திரும்பப் பூட்டிவிடலாமா? கட்டளையை அடித்து வைத்துவிட்டு எதற்கும் கேட்டுக்கொள்ளலாம் என்று வந்தேன்.

கெர்னல்_தம்பி, சனி மாலை 5:24

அக்கா, வேண்டாம்! என்டரை அழுத்திடாதீங்க. பூட்டினதும் அது திரும்பவும் கம்பெனி கையெழுத்தைத் தேடும், உள்ள இருக்கிறது லீனியேஜ். "சிஸ்டம் ஹாஸ் பீன் டிஸ்ட்ராய்டு"ன்னு எழுத்து வந்து நின்னுடும். பிக்சல் போன்ல கிராஃபீன் ஓஎஸ் மாதிரி ரோம் போட்டா சொந்தச் சாவியோட திரும்பப் பூட்ட முடியும். இதுல முடியாது. பூட்டணும்னா முதல்ல பழைய மியுஐ-யை முழுசாப் போட்டுட்டுத்தான் பூட்டணும்.

சால்டரிங்_அண்ணா, சனி மாலை 5:31

தங்கச்சி, கேபிளைக் கழட்டிட்டீங்களா?

மஞ்சள்காடு, சனி மாலை 5:33

கழற்றிவிட்டேன் அண்ணா. போன் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. அந்த "அன்லாக்டு" எழுத்து வந்தால் வந்துவிட்டுப் போகட்டும். எழுத்தாணி ஐயா, பாப்பா இதில் தமிழ்க் கதை படிக்கிறாள், கொம்பெல்லாம் சரியான இடத்தில் இருக்கிறது.